அத்தை எதையும் தொடவில்லை

"அத்தை, ஸ்விட்சைத் தொட்டீங்களா?" எட்டு மாதத்தில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றுதான் பதில் வரும். "சரி, பரவாயில்ல விடுங்க" என்று போனை வைத்துவிடுவேன். அவர் சொன்னதை நம்பாமல் நான் சொன்ன அந்தப் 'பரவாயில்ல' இன்னும் உறுத்துகிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வைஃபையில் சேர மறுக்கும் ஒரு பல்பைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே கதை.

பெரம்பூர் வீடு மாமா 1986-இல் கட்டியது. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்-இல் ஃபிட்டராக இருந்தவர், பாதி வேலையைத் தன் கையாலேயே செய்தார். குறுகலான மனை என்பதால் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். முன்னால் ஹால், அடுத்து படுக்கையறை, அதை ஒட்டி ஒரு நடை, கடைசியில் சமையலறையும் பாத்ரூமும். மாமா போன பிறகு அத்தை அங்கே தனியாக இருக்கிறார். சோழிங்கநல்லூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துவிடச் சொன்னால், "அங்க நாலாவது மாடியில யாரைத் தெரியும் எனக்கு" என்பார். அதற்கு மேல் வற்புறுத்த முடியாது. போன புரட்டாசியில் ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் நடையில் விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. நடை விளக்கின் ஸ்விட்ச் அந்தக் கோடியில், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்கைப் போடவே இருட்டில் பத்தடி நடந்து போக வேண்டும். அத்தனை கவனமாகக் கட்டிய மாமாவுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அதனால்தான் அந்த ஸ்மார்ட் பல்பை வாங்கினோம். சாயங்காலம் தானாக எரியும், பத்து மணிக்கு மஞ்சளாக மங்கும், காலை ஆறு மணிக்கு அணையும். யாரும் எதையும் தொட வேண்டாம். வாங்கியதே அதற்காகத்தான்.

முதல் நாள்

பல்பை மாட்ட ஒரு நிமிடம் ஆனது. வைஃபையில் சேர்க்க இரண்டரை மணி நேரம் ஆனது. இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய பேர் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டு வைஃபை பாக்ஸ் இரண்டு அலைவரிசைகளில் பேசும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், மற்றதன் அலைநீளம் அதில் பாதி. 2.4 சுவரைத் தாண்டி ஓரளவு போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைக் கடப்பதற்குள் சோர்ந்துவிடும். பல்பு, ப்ளக் போன்ற விலை குறைந்த பொருள்களில் இருக்கும் சிப்களில் பெரும்பாலானவைக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 2014-இல் வந்து இந்தச் சந்தையையே மாற்றிப்போட்ட இஎஸ்பி8266 என்ற சிப் அப்படிப்பட்டதுதான். ஒரு பல்புக்கு வேகம் தேவையில்லை என்பதால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

சிக்கல் பாக்ஸில் ஆரம்பிக்கிறது. இப்போது ஃபைபர் இணைப்போடு கொடுக்கும் பாக்ஸ்களில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர். எதில் சேருவது என்று போனும் பாக்ஸும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். பாக்ஸ் இருக்கும் ஹாலில் நின்றால் போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்ளும், நமக்கு அது தெரியவே தெரியாது.

போன் 5-இல் இருந்தால் பல்புக்கு என்ன வந்தது என்று நானும் கேட்டேன். பதில் தெரிந்தபோது அசந்துபோனேன். புதுப் பல்புக்கு நம் வைஃபையின் பெயரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. பாஸ்வேர்டு தெரியாததால் காற்றில் போகும் எந்தச் செய்தியையும் அதனால் படிக்க முடியாது, எல்லாம் பூட்டி அனுப்பப்படுகிறவை. ஆனால் ஒவ்வொரு செய்தியும் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் பார்க்க முடியும். பக்கத்து வீட்டுக்கு வரும் ஒட்டிய கவர்களைப் பிரிக்க முடியாவிட்டாலும் எந்தக் கவர் தடி, எந்தக் கவர் மெலிசு என்று தெரிகிற மாதிரி. அந்த நீளத்தையே எழுத்தாக்கி, போன் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் காற்றில் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பல்பு நீளங்களை எண்ணி எழுத்துக் கூட்டி, பெயரைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்கிறது. இதை யோசித்தவர் யாரோ, அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் போன் 5-இல் அனுப்பினால் 2.4-இல் காது வைத்திருக்கும் பல்புக்குப் பெரும்பாலும் அது எட்டுவதில்லை. ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, நூறு வரை எண்ணி, கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று வந்து நிற்கும்.

பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியையும் பாஸ்வேர்டையும் வைத்து செட்டிங்குக்குள் போய், 5-ஐக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். பல்பு சேர்ந்த பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அங்கேயே பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் அதையும் டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த வகைக்கு மாற்ற வேண்டும், பழைய சிப்களுக்குப் புதியது தெரியாது. இதற்கும் மசியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. பல்பே ஒரு சின்ன வைஃபையை உண்டாக்கும், நாம் போனை அதில் சேர்த்து விவரங்களைக் கொடுக்க வேண்டும். அப்போது போன் நல்லெண்ணத்தோடு, "இதில் இன்டர்நெட் இல்லை, மொபைல் டேட்டாவுக்கு மாறட்டுமா?" என்று கேட்கும். சரி என்று தட்டினால் எல்லாம் போச்சு. மொபைல் டேட்டாவையும், இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்னையும் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. ஆப் லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஆண்ட்ராய்டில் அது இல்லாமல் பக்கத்து வைஃபை பெயர்களை ஆப்பால் பார்க்க முடியாது. அன்றைக்கு இவை எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகத்தான் தெரிய வந்தன. அத்தை நடுவில் இரண்டு தடவை காபி கொண்டு வந்து வைத்தார். சாயங்காலம் ஆறரைக்குப் பல்பு தானாக எரிந்தபோது, "உங்க மாமா பாத்திருந்தா கழட்டிப் பாத்திருப்பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள்

மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் ஆப்பைத் திறந்தால் பல்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. 'ஆஃப்லைன்.' உதவிப் பக்கத்தைத் தட்டினால் முதல் வரி, 'ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.' என் கணவர் அதைப் படித்ததும், "அம்மாதான் பழக்கத்துல அணைச்சிருப்பாங்க" என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. நாற்பது வருடமாகப் படுக்கப் போகும்போது எல்லா விளக்கையும் அணைத்துக்கொண்டே போனவர். போனில் கேட்டோம். ஒன்றும் செய்யவில்லை என்றார். அந்த ஞாயிறு போய்ப் பல்பை மறுபடி சேர்த்துவிட்டு, ஸ்விட்ச் மேல் மருந்துக் கடை பிளாஸ்திரி ஒன்றைக் குறுக்காக ஒட்டினோம். ஒட்டும்போது அத்தை பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாளில் மறுபடி ஆஃப்லைன். பிறகு ஒரு வாரத்தில். ஒரு மாதம் சும்மா இருந்தது, பிறகு மூன்றே நாளில். ஒவ்வொரு ஞாயிறும் மெனக்கெட்டுப் பெரம்பூர் போய், பல்பை மூன்று முறை அணைத்துப் போட்டு, அது துடிக்க ஆரம்பித்ததும் போனை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பேன். வேறு காரணம் ஏதாவது இருக்குமோ என்று நானும் தேடாமல் இல்லை. பாக்ஸுக்கும் நடைக்கும் நடுவில் அத்தையின் இரும்பு பீரோ நின்றது. இரும்புத் தகடு ரேடியோ அலையைத் தாண்ட விடாது, அதனால் அதை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். பல்புக்கு வரும் சிக்னல் கூடியது. அடுத்து சேனல், அதாவது ஓர் அலைவரிசைக்குள் இருக்கும் சின்னப் பிரிவு. இந்தியாவில் 2.4-க்கு 1 முதல் 13 வரை சேனல்கள். அமெரிக்காவுக்கென்று தயாரான பொருள்கள் சில 11-க்கு மேல் பார்க்கவே பார்க்காது. பாக்ஸ் ஆட்டோவில் இருந்தால் ஒரு நாள் 6, இன்னொரு நாள் 13 என்று அதன் இஷ்டத்துக்கு மாறலாம். அந்தத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கின்றன, அத்தையின் ஹாலில் நின்றால் போனில் பதினேழு வைஃபை பெயர்கள் தெரிந்தன. இந்த அலைவரிசையை 2005 முதல் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் எல்லோரும் அதில்தான் இருக்கிறோம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றும்தான். கூட்டம் குறைந்தது 11 என்று பார்த்து அதில் நிறுத்தினேன்.

இதற்கிடையில் பாக்ஸே பழுதாகி, வேறு ஒன்று கொண்டு வந்து வைத்தார்கள். அன்று ஒரு நல்ல பாடம் கிடைத்தது. புதுப் பாக்ஸுக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் கொடுத்தால், பல்பும் டிவியும் எதுவும் நடக்காத மாதிரி தாமாகவே சேர்ந்துகொள்ளும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட அப்படியே இருக்க வேண்டும். இது தெரியாமல் வீட்டில் இருக்கும் பத்துப் பொருளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் பல்பு போய்க்கொண்டுதான் இருந்தது. மார்கழியில் ஒரு காலை அத்தையே போன் செய்தார். "ராத்திரி அது படபடன்னு துடிச்சுதும்மா. அப்புறம் வெள்ளையா பளீர்னு நின்னுடுச்சு. கண்ணைக் கூசி தூக்கமே வரல. அதான் பிளாஸ்திரியை எடுத்துட்டு அமத்திட்டேன்." கணவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தியா, ஒத்துக்கிட்டாங்க" என்றார். எனக்கும் ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. அந்த ஒரு தடவையை வைத்து அதற்கு முந்தைய எல்லாத் தடவைகளையும் அவர் கணக்கில் எழுதிவிட்டோம். கணவர் அம்மாவிடம் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "தொடாதீங்கன்னு எத்தனை வாட்டிம்மா சொல்றது? உங்களுக்காகத்தானே இதெல்லாம்." அதற்குப் பிறகு அத்தை பல்பைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. நாங்கள் கேட்டால், "தெரியலையே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவர் சொன்ன நாலு வாக்கியத்தில் நோய் என்ன என்பது முழுசாக இருந்தது. முதலில் துடித்தது, அப்புறம் வெள்ளையாக நின்றது, அதற்கும் அப்புறம்தான் அவர் அணைத்தார். வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறார். எங்கள் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

மூன்று தடவை

சித்திரைக் கடைசி. கணவர் வெளியூரில் இருந்தார், அத்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நான் பெரம்பூரில் தங்கினேன். அத்தை கட்டிலில், நான் கீழே பாயில், கதவு நடைப் பக்கம் திறந்திருந்தது. புழுக்கத்தில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மணி ஒன்றே முக்கால் இருக்கும். இன்வெர்ட்டர் 'டக்' என்றது. ஃபேன் நிற்கவில்லை, ஆனால் நடையில் இருந்த மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது. இரண்டு வினாடியில் வந்தது. மறுபடி டக், மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம். மூன்றாவது தடவையும் அப்படியே. ஊரே ஏசி போட்டுத் தூங்கும் அக்னி நட்சத்திர ராத்திரிகளில் இப்படி விட்டு விட்டு வருவது எங்களுக்குப் புதிது இல்லை. மூன்றாவது முறை கரண்ட் திரும்பி வந்ததும் பல்பு துடிக்க ஆரம்பித்தது. படபடவென்று, வினாடிக்கு இரண்டு மூன்று தடவை.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று தடவை அணைத்து மூன்று தடவை போடு. ஒவ்வொரு ஞாயிறும் நான் என் கையால் செய்வது அதைத்தான். பல்பில் பட்டன் கிடையாது. மனதில் வைத்திருக்கும் வைஃபையை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்று அதற்குச் சொல்ல ஒரே வழி, கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுப்பது. சில பல்புகளுக்கு மூன்று தடவை, சிலவற்றுக்கு ஐந்து. கரண்டை நிறுத்தியது மனிதக் கையா, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரா என்று பல்புக்குத் தெரியாது. எண்ணிக்கை வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, யாராவது பெயர் சொல்லித் தருவார்களா என்று துடித்துக்கொண்டே காத்திருக்கும். சில நிமிடம் பார்த்துவிட்டு யாரும் வரவில்லை என்றால் வெள்ளையாக, முழு வெளிச்சத்தில் நின்றுவிடும். அன்றும் அப்படியே நின்றது.

கட்டிலில் அத்தை விழித்துக்கொண்டுதான் இருந்தார். "பாத்தியா? இப்படித்தான் துடிக்கும்" என்றார். குரலில் குறையும் இல்லை, வெற்றியும் இல்லை. மழை பெய்வதைக் காட்டுகிற மாதிரி காட்டினார். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய விரிசல் இருந்த கை. மன்னிப்புக் கேட்டேன். "நான் தொடலன்னு எனக்குத் தெரியும்ல" என்றார். பிறகு, "அவன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்றார்.

மறுநாள் முழுக்க எனக்கு அந்த 'ஆஃப்லைன்' மேல்தான் கோபம். கரண்ட் இல்லை என்றாலும் ஆஃப்லைன், சிக்னல் எட்டவில்லை என்றாலும் ஆஃப்லைன், பாஸ்வேர்டு மாறினாலும் ஆஃப்லைன், பல்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் ஆஃப்லைன். கடைசியாக எத்தனை மணிக்குப் பேசியது என்றாவது ஆப் சொல்லியிருந்தால், ராத்திரி ஒன்றே முக்காலுக்கு எழுபத்தொரு வயதுப் பெண்மணி எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தாரா என்று நாங்கள் ஒரு நிமிடம் யோசித்திருப்போம். 'அடிக்கடி கரண்ட் போய் வருகிறதா?' என்று உதவிப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தாலும் போதும். அதற்குப் பதிலாக முதல் வரியே ஸ்விட்ச். ஸ்விட்ச் என்றால் வீட்டில் இருப்பவர். இந்த மாதிரிப் பொருள்களை வாங்கி மாட்டுபவர் ஒருவர், அதோடு நாள் முழுக்க இருப்பவர் இன்னொருவர். ஆப் இருப்பது முதல் ஆளின் போனில். இரண்டாவது ஆள் கண்ணால் பார்த்தது எதுவும் அந்த ஆப்பில் வராது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாங்கள். கேட்கவில்லை.

வயரிங்

சரிசெய்வது சுலபமாக இருந்தது. மாமா ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தார், வீட்டின் ஒவ்வொரு பாயின்டும் எந்த லைனில் வருகிறது என்று படம் போட்டு. ஹாலும் படுக்கையறையும் இன்வெர்ட்டர் லைன். நடையும் பாத்ரூமும் நேர் லைன். அந்தப் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன், அரை மணி நேரத்தில் நடை விளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டார். ஒன்பது வாட் பல்பு, இன்வெர்ட்டருக்கு ஒரு பாரமே இல்லை. இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது, அதையும் அந்தப் பக்கம் தள்ளினோம். அப்படி வைத்தால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளி மிகவும் குறைந்துவிடும், பல்பு அதை உணராது. வைஃபை பாக்ஸையும் அதே லைனில் வைத்தால் அது அணைந்து ஏறும் இரண்டு மூன்று நிமிடமும் மிச்சம்.

கூடவே இன்னொன்றும் செய்தேன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரியும் சின்ன பேட்டரி விளக்கு ஒன்றை நடைச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒட்டினேன். அதற்கு வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். விழுந்துவிடக் கூடாது என்பதற்காகப் போடும் வெளிச்சத்தைப் பாஸ்வேர்டை நம்பி விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஸ்மார்ட் பல்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் தானாக வரும் அந்த மஞ்சள் வெளிச்சம் அத்தைக்கு இப்போது பிடித்துப்போய்விட்டது.

கணவரிடம் போனிலேயே சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு போனதும் அவர் நேராக நடைக்குத்தான் போனார். மார்கழிக்குப் பிறகு நாங்கள் புதிதாக ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்தார். பசை போகவில்லை. சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு வந்து துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "விடுப்பா, அது போவாது" என்றார் அத்தை. "இருங்கம்மா" என்று விடாமல் தேய்த்தார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. பல்பு ஒரு தடவைகூடப் போகவில்லை. நேற்று காலை ஆறரைக்கு அத்தையிடமிருந்து போன். இந்த நேரத்தில் ஏன் என்று பதறி எடுத்தேன். "ராத்திரி கரண்ட் நாலு தரம் போய் வந்துச்சும்மா. முழிச்சிருந்து எண்ணினேன். பல்பு அப்படியே இருந்துச்சு."